கைதட்டாத கூட்டம்

பெங்களூர் சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய நடைபாதையில் தார்ப்பாய் விரித்து நைட்டி விற்கிறாள் மகா. மைக் கிடையாது, பதிவு செய்த குரல் கிடையாது. வாய் ஒன்றுதான் முதல். பர்தா போட்ட பெண் வந்தால், "ஆவோ ஆபா, தேக்கோ, அசல் காட்டன்" என்று உருதுவில் கூப்பிடுவாள். கன்னடக்காரி வந்தால், "பன்னி அக்கா, சும்னே நோடி" என்று, வந்து சும்மா பார்க்கச் சொல்லுவாள். தமிழ் முகம் தெரிந்துவிட்டால், "சாயம் போச்சுன்னா கொண்டாந்து என் மூஞ்சில வீசு தாயி" என்பாள். பஸ் பிடிக்க ஓடுகிறவர்கள்கூட நின்று சிரித்துவிட்டுத்தான் ஓடுவார்கள். நின்றவர்களில் பாதிப் பேர் வாங்கிவிடுவார்கள். வியாபாரம் ஆனதைவிட, ஓடிக்கொண்டிருந்தவளைத் தன் பேச்சு நிறுத்திவிட்டதே மகாவுக்குப் பெரிய சந்தோஷம். அந்தச் சந்தோஷம்தான் பின்னால் அவளுக்கு வினையாக வந்தது.

கண்டோன்மென்ட் பக்கத்து லைன் வீடு ஒன்றில் பிறந்தவள். எட்டாவதோடு படிப்பு நின்றது. நிற்பதற்கு முன்னால் பேச்சுப் போட்டியில் ஒரு எவர்சில்வர் டம்ளர் வாங்கினாள். அது இன்னும் வீட்டில் இருக்கிறது, அதில் வேறு யாரும் காபி குடிக்கக் கூடாது. கல்யாணம் செய்துகொண்டது லக்கேஜ் ஆட்டோ ஓட்டும் நாராயணசாமியை. அவன் காலையில் ஒரு வாக்கியம், ராத்திரி ஒரு வாக்கியம் பேசுகிற ரகம். இரண்டு பேருக்கும் சேர்த்து மகாவே பேசிவிடுவதால் குடும்பம் நன்றாகவே ஓடியது.

வீடு போதி கார்டனில். லிங்கராஜபுரத்துக்குப் பின்னால் ரயில் பாதையை ஒட்டிய காலனி அது. பெயர்தான் கார்டன், உள்ளே ஒரே ஒரு புங்க மரம். நான்கு வரிசை வீடுகள். பெரும்பாலும் புத்த மார்க்கத்துக்கு வந்த குடும்பங்கள், நடுவில் சில கிறிஸ்தவ வீடுகள். நுழைவாயிலில் அண்ணல் அம்பேத்கரின் சிலை, கையில் அரசியல் சட்டத்தோடு. சிலைக்குப் பின்னால் காலனிச் சங்கக் கட்டடம், அதன் பக்கத்தில் போர்வெல். போர் தண்ணீரை எந்த வரிசைக்கு எப்போது திறந்துவிடுவது என்று முடிவு செய்வது சங்கத் தலைவர். வால்வு சாவி அவருடைய வேட்டி மடிப்பில் இருக்கும்.

தலைவர் பெருமாள்சாமி, பெரிய தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. அலைந்து திரிந்து போர் போட வைத்ததே அவர்தான். எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாக வந்து நிற்பார். ஆனால் ஏதோ ஒரு காலத்தில் தலைவரானவர், இறங்கவே இல்லை. இறங்கச் சொல்ல யாருக்கும் வழியும் இல்லை. ஏனென்றால் போதி கார்டனில் தேர்தல் என்பதே கிடையாது.

அதற்கு ஒரு கதை உண்டு. சங்கம் தொடங்கிய புதிதில் கை தூக்கித்தான் தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு வருஷம் யார் எத்தனை கை தூக்கினார்கள் என்ற தகராறில் இரண்டு பேர் மண்டை உடைந்து, போலீஸ் வந்து, அண்ணன் தம்பிகள் பேச்சுவார்த்தை இல்லாமல் போனார்கள். அன்றைக்குப் பெருமாள்சாமிதான் சமாதானம் செய்து வைத்தார். இனிமேல் கை தூக்க வேண்டாம், கை தட்டினால் போதும் என்று ஏற்பாடு. ஒவ்வொரு ஏப்ரல் பதினாலும், அம்பேத்கர் ஜெயந்திக்கு, இரண்டு மாலை வாங்குவார்கள். ஒன்று சிலைக்கு. இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டு பொருளாளர் மேடையில் நிற்பார். கூட்டம் கைதட்ட வேண்டும். தட்டல் ஓய்வதற்குள் மாலை யார் கழுத்தில் விழுகிறதோ அவர் தலைவர். மாலை எப்போதும் ஒரே கழுத்தில்தான் விழுந்தது. அரசியல் சட்டத்தைக் கையில் பிடித்திருக்கிறவர் சிலைக்கு முன்னாலேயே வருஷா வருஷம் இந்தக் கூத்து நடந்தது. சிலை என்பதால் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

மகாவும் வருஷா வருஷம் தட்டியவள்தான். பெங்களூருக்கே தண்ணீர் வற்றிப்போன அந்தக் கோடையில்தான் அவளுக்கு உறைத்தது. போரில் தண்ணீர் கீழே போய்விட்டது. முதல் வரிசைக்கும் இரண்டாம் வரிசைக்கும் குழாய் ஓடி முடிந்ததும், கடைசி வரிசையில் வெறும் காற்றுதான் வந்தது. மகாவின் வீடு கடைசி வரிசை. தலைவரிடம் போய்க் கேட்டாள். அவர் கோபப்படவில்லை.

"உன் கஷ்டம் எனக்குப் புரியுதும்மா. ஜெயந்தி மீட்டிங்ல பேசு. எல்லாரும் கேக்கட்டும்" என்றார்.

பேசு என்று மகாவிடம் யாரும் இரண்டாம் முறை சொல்ல வேண்டியதில்லை. பேசினாள். அப்படிப் பேசினாள்! "மிக்ஸி வாங்கினா ரெண்டு வருஷம்தான் கேரண்டி. நம்ம தலைவருக்கு மட்டும் லைஃப்டைம் கேரண்டியா?" என்று தொடங்கினாள். ஆண்கள் பக்கம் விசில் பறந்தது. "நைட்டி வாங்க வர்றவளுக்கே நான் நாலு கலர் எடுத்துப் போடுறேன். அவ பாத்து, தடவி, வேணாம்னு போறா. நமக்குத் தலைவர்ல மட்டும் ஒரே கலர், ஒரே சைஸு. புடிக்குதோ புடிக்கலியோ, போட்டுக்கோன்னா எப்படி? எங்களுக்கு ஓட்டு வேணும்!" என்று முடித்தாள். முன் வரிசை வீட்டுக்காரர்கள்கூட எழுந்து நின்று தட்டினார்கள். அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எட்டாம் வகுப்பில் டம்ளர் வாங்கிய நாளுக்குப் பிறகு இப்படி ஒரு தட்டலை அவள் கேட்டதில்லை.

அந்தத் தட்டல் ஓய்வதற்குள் பொருளாளர் மாலையைப் பெருமாள்சாமி கழுத்தில் போட்டுவிட்டார்.

மேடையை விட்டு இறங்கி வந்து உட்கார்ந்த பிறகுதான் மகா திரும்பிப் பார்த்தாள். தலைவர் மாலையோடு கும்பிட்டுக்கொண்டிருந்தார். கூட்டம் இன்னும் சந்தோஷமாகத் தட்டிக்கொண்டிருந்தது. யாருக்கும் எந்தத் தப்பும் தெரியவில்லை. "சூப்பரா பேசினக்கா" என்று வழியெல்லாம் சொன்னார்கள். கடைசி வரிசைக்குக் காற்றுதான் வந்தது.

அடுத்த வருஷம் உஷாராகத்தான் போனாள். எடுத்த எடுப்பிலேயே சொன்னாள்: "தயவு பண்ணி யாரும் கை தட்டாதீங்க. நீங்க எனக்குத் தட்டுறீங்க, மாலை அவருக்கு விழுது. கல்யாணத்துக்கு நான் சமைச்சு வைக்கிறேன், மொய்யை வேற ஒருத்தர் வாங்கிட்டுப் போறாரு!" அவ்வளவுதான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்த கையோடு தட்டியது. தட்டாதே என்று சொன்னதற்கே தட்டினார்கள். மாலை விழுந்தது.

அன்று சாயங்காலம் அடுத்த வீட்டு ஆஞ்சலா வந்தாள். ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பழைய வீட்டில் சமையல் வேலை பார்க்கிறவள். மனசில் ஒன்றை வைத்துக்கொண்டு வாயில் வேறொன்று பேசத் தெரியாதவள். மகா பெருமாள்சாமியைத் திட்டித் தீர்க்கும்வரை பொறுமையாகக் கேட்டாள்.

"அவரை இன்னாத்துக்குடி திட்டுற? அவருக்கு ஓட்டு வாங்கிக் குடுக்கறதே உன் வாய்தான்" என்றாள். "நீ பேசலைன்னா அந்த ஜனம் அரைகுறையாத்தான் தட்டும். நீ பேசினா எழுந்து நின்னு தட்டுது."

"அப்ப நான் பேசக் கூடாதுன்றியா?"

"உனக்கு எலெக்ஷன் வேணுமா, கைதட்டு வேணுமா? அதை மொதல்ல நீ யோசிச்சுக்கோ."

மகாவுக்குச் சுருக்கென்றது. ஆஞ்சலா போன பிறகு அவளைப் பற்றி நாராயணசாமியிடம் கோள் சொன்னாள். அவன் அன்றைய ராத்திரிக்கான வாக்கியத்தைச் சொன்னான்: "அவ சொல்றது கரெக்ட்டு." மகா அவனுக்கு ரசம் ஊற்றாமல் எழுந்து போய்விட்டாள்.

கோபம் ஆறச் சில வாரங்கள் ஆயின. ஆறியதும் வேலையைத் தொடங்கினாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வியாபாரத்துக்குப் போகும் முன் இரண்டு மூன்று வீடு. மேடை இல்லை, கூட்டம் இல்லை. வாசலில் நின்று ஒரே விஷயம்தான் கேட்டாள்: அடுத்த ஜெயந்திக்கு வாங்க, ஆனால் கை தட்டாதீங்க. தலைவரைப் பற்றி ஒரு தப்பு வார்த்தை பேசவில்லை. பெருமாள்சாமி வீட்டுக்கே போய் அவர் மனைவியிடமும் இதையே சொன்னாள். அந்த அம்மா காபி கொடுத்து அனுப்பினார்.

மூன்றாம் வரிசை இளவட்டங்களுக்கு இது சப்பென்று இருந்தது. "அக்கா, பேசாம அந்த மாலையைப் புடுங்கி டிச்சுல போட்டுறலாம். மேட்டர் ஓவர்" என்றார்கள்.

"யாராச்சும் மாலை மேல கை வச்சீங்கன்னா, நானே போயி அதை எடுத்து அவர் கழுத்துல போட்டுருவேன்" என்றாள் மகா. "மண்டை உடையும்னு பயந்துதான் ஓட்டையே விட்டாங்க நம்ம பெரியவங்க. நீங்க ஒரு சேரை உதைச்சாலும் போதும், இன்னும் இருவது வருஷத்துக்கு ஓட்டு கிடையாது." அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே அடங்கினார்கள்.

சரி, தட்டாமல் இருக்கிறோம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் கை என்பது சொன்னபடி கேட்கிற உறுப்பா? இத்தனை வருஷம் பழகிய கை. ஒருவர் தட்டினால் பக்கத்தில் இருக்கிறவர் தட்டிவிடுவார். அதற்கு வழி கண்டுபிடித்தது கடைசி வரிசைப் பெண்கள். வீட்டுக்கு ஒரு காலிக் குடத்தைக் கொண்டுவந்து மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வது. கைக்கு வேலை கொடுத்த மாதிரியும் ஆச்சு, தண்ணீர் இல்லை என்று காட்டின மாதிரியும் ஆச்சு. மகாவுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. தனக்கு ஏன் தோன்றவில்லை என்று கொஞ்சம் பொறாமையும் பட்டாள்.

மிச்சமிருந்த ஒரே ஆபத்து அவள்தான். தலைவர் எப்படியும் அவளைப் பேசக் கூப்பிடுவார். நன்றாகப் பேசினால் குடத்தையும் மீறித் தட்டுவார்கள். பிளாஸ்டிக் குடத்தில் தட்டினால் அது இன்னும் நன்றாக முழங்கும். ஆகவே மட்டமாகப் பேசப் பழக வேண்டும். நடைபாதையிலேயே பயிற்சி எடுத்தாள். "நைட்டி இருக்கு. வேணும்னா வாங்குங்க" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாள். ஒரு பெண்கூட நிற்கவில்லை. பஸ்கள் போய்க்கொண்டே இருந்தன. பக்கத்தில் சீப்பு விற்கிறவர், "உடம்பு சரியில்லையாம்மா?" என்று கேட்டார். கட்டிய மூட்டையை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தாள். அன்றைக்கு அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. பேச்சை எடுத்துவிட்டால் தன்னிடம் ஒன்றுமே இல்லையோ என்று பயந்துபோனாள்.

ஏப்ரல் பதினாலு வந்தது. சிலைக்கு மாலை போட்டார்கள். ஷாமியானாவுக்குக் கீழே குடங்கள் வந்து உட்கார்ந்தன. பச்சை, நீலம், ஆரஞ்சு. பெருமாள்சாமி மேடையிலிருந்து பார்த்தார். விஷயம் அவருக்கு ஏற்கெனவே தெரியும். காலனியில் ரகசியம் ஏது? அவர் சிரித்தபடியே மைக்கைப் பிடித்தார்.

"நம்ம காலனியோட பேச்சுப் புலி, சகோதரி மகாவைப் பேசக் கூப்பிடறேன். டைம் லிமிட் கிடையாது. வயிறு குலுங்கச் சிரிச்சு நாளாச்சு" என்றார். புத்திசாலி மனிதர்தான். பொருளாளர் மாலையைப் பிரித்து இரண்டு கையிலும் ஏந்தித் தயாராக நின்றார்.

மகா மைக்கின் முன்னால் வந்தாள். காலனி முழுக்க அவள் வாயைப் பார்த்தது. சிரிக்கத் தயாராக இருந்த முகங்கள். அவள் நாக்கு நுனியில் ஒரு வசனம் வந்து நின்றது. அந்த வால்வு சாவியையும் வேட்டி மடிப்பையும் வைத்து அவளே அறியாமல் உருவான வசனம். சொன்னால் ஷாமியானா கிழிந்திருக்கும். இதுவரை அவள் சொன்னதிலேயே அதுதான் உசத்தி. விழுங்கினாள்.

"எனக்கு ஓட்டு வேணும்" என்றாள். "உங்களுக்கும் வேணும். யாருக்குப் போடறீங்கன்னு நான் கேக்க மாட்டேன். அவ்ளோதான்."

இறங்கி வந்து, தன் குடத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

சத்தமே இல்லை. ஆண்கள் பக்கம் ஒருவர் பழக்க தோஷத்தில் இரண்டு கையையும் தூக்கினார். அவர் மனைவி பெண்கள் பக்கத்திலிருந்து எட்டி, தன் குடத்தை அந்தக் கைகளுக்கு நடுவில் வைத்தாள். ரயில் ஒன்று போனது. அது போன பிறகும் யாரும் அசையவில்லை. பொருளாளர் கையில் மாலை ஆடிக்கொண்டிருந்தது. தலைவர் கூட்டத்தைப் பார்த்தார். பிறகு தானே மெதுவாக இரண்டு முறை தட்டிப் பார்த்தார், தொடங்கிவைத்தால் தொடருவார்கள் என்று. அந்தச் சத்தம் மைக்கில் விழுந்து திரும்பி அவருக்கே கேட்டது. நிறுத்திக்கொண்டார். பாவமாகத்தான் இருந்தது. பொருளாளர் கை வலித்து மாலையைக் கீழே இறக்கினார்.

"இன்னாம்மா வேணும் உங்களுக்கு?" என்று கேட்டார் பெருமாள்சாமி. இப்போது குரலில் சிரிப்பு இல்லை.

"ஓட்டுப் பெட்டிண்ணா" என்றாள் மகா, உட்கார்ந்த இடத்திலிருந்தே.

"அப்பறம் அடிதடி ஆச்சுன்னா? மண்டை உடைஞ்சதை நான் கண்ணால பாத்தவன். அந்த ரத்தத்தைக் கழுவினவன் நானு."

"இன்னிக்கு இவ்ளோ ஜனம் உங்களை எதிர்த்து உக்காந்திருக்குதுண்ணா. யாராச்சும் ஒரு சேரைத் தள்ளினாங்களா?"

அவர் வெகுநேரம் சேர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்று பிறகு சொன்னார்கள். கடைசியில், "வர்ற புத்த பூர்ணிமாவுக்கு வச்சுக்கலாம்" என்றார். அதற்கும் யாரும் தட்டவில்லை. குடங்களை எடுத்துக்கொண்டு அமைதியாக வீட்டுக்குப் போனார்கள்.

புத்த பூர்ணிமா அன்று ஓட்டு நடந்தது. பெட்டிக்குப் பதில் ஒரு புதுக் குடம். வாயைத் துணியால் கட்டி நடுவில் ஒரு கீறல் போட்டிருந்தார்கள். போட்டியிட்டது இரண்டு பேர்: பெருமாள்சாமி, மகா. சாகும் வயதில் இருந்தவர்களைக்கூடச் சேரில் உட்கார வைத்துத் தூக்கிவந்தார்கள். சண்டை எதுவும் வரவில்லை. குடத்தைக் கவிழ்த்து எண்ணினார்கள்.

பெருமாள்சாமி ஜெயித்தார். அதிக வித்தியாசம் இல்லை, ஆனாலும் ஜெயித்தார்.

மகாவின் முகம் செத்துவிட்டது. தான் தோற்போம் என்று அவள் நினைத்தே பார்க்கவில்லை. இரண்டு வருஷ அலைச்சல், விழுங்கிய வசனம், விற்காமல் திரும்பிய மூட்டை எல்லாம் இதற்குத்தானா? ஆளாளுக்குத் தட்டினார்களே, அத்தனை பேரும் எங்கே போனார்கள்? பக்கத்தில் நின்ற ஆஞ்சலா அவள் கையைத் தொட்டாள்.

"நான் அவருக்குத்தான் போட்டேன் மகா. உன்கிட்ட பொய் சொல்ல மாட்டேன்."

"நீயா?"

"எலெக்ஷன் வேணும்னு சொன்ன, நான் குடத்தோட வந்து உக்காந்தேன். நீதான் வேணும்னு நான் எப்ப சொன்னேன்? போரு ரிப்பேர் ஆனா அவருக்குப் பாக்கத் தெரியும். உனக்குத் தெரியுமா?"

மகாவுக்குத் தன் வீட்டுச் சுவர் இடிந்து விழுந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. யாருக்குப் போடறீங்கன்னு கேக்க மாட்டேன் என்று மைக்கில் சொன்னது அவள்தான். இப்போது கேட்காமலே பதில் வந்திருக்கிறது.

மேடையில் பெருமாள்சாமி மாலை இல்லாமல் நின்றுகொண்டிருந்தார். என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. கூட்டத்துக்கும் தெரியவில்லை. ஜெயித்தவரைப் பார்க்காமல் எல்லோரும் மகாவைப் பார்த்தார்கள். இளவட்டங்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும் அவர்களுக்கு. அவளிடம் வார்த்தைக்கா பஞ்சம்?

மகா கையை உயர்த்தித் தட்டினாள். தனியாகத்தான் தட்டினாள், கொஞ்ச நேரம். உள்ளே எரிந்துகொண்டுதான் இருந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. பிறகு ஆஞ்சலா தட்டினாள். நாராயணசாமி தட்டினான். அப்புறம் காலனியே தட்டியது.

பெருமாள்சாமி வேட்டி மடிப்பிலிருந்து சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். "நாளையிலருந்து ஒரு நாள் முன் வரிசைக்கு முதல்ல, ஒரு நாள் கடைசி வரிசைக்கு முதல்ல" என்றார். இத்தனை வருஷத்தில் யார் கேட்டும் அவர் எதையும் மாற்றியதில்லை. இப்போதும் யாரும் கேட்கவில்லை. குடத்திலிருந்து விழுந்த சீட்டுகளில் பாதிக்குப் பக்கம் வேறு பெயர் இருந்ததை அவர் பார்த்திருந்தார், அவ்வளவுதான்.

மகா மேடைக்குப் போனாள். மைக்கை வாங்கினாள். பழைய மகா வந்துவிட்டாள் என்று நினைத்துச் சிலர் சேரை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"அண்ணா, அடுத்த எலெக்ஷன் எப்போ?" என்று கேட்டாள்.

யாரும் கைதட்டவில்லை. பதிலுக்காகக் காத்திருந்தார்கள்.